சார் தாம்: ஒரு மாத நடையும் எட்டு நிமிடப் பறத்தலும்

முதுமை வந்து, கோலை ஊன்றி, முதுகு வளைந்து, நாலடி வைப்பதற்குள் இளைத்து உட்காரும் நிலை வருவதற்கு முன்பே வதரிக்கு, அதாவது பத்ரிநாத்துக்குப் போய் வணங்கிவிடுவோம் என்று திருமங்கையாழ்வார் பாடினார். பெரிய திருமொழியின் முதல் பத்திலேயே அந்தப் பாசுரங்கள் வருகின்றன. நிலையாமையைச் சொல்லும் பாட்டு என்று உரைகாரர்கள் விரிப்பார்கள். சரிதான். ஆனால் இமயமலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிடக் கறாரான பயண ஆலோசனை வேறு கிடையாது. நாம் செய்வதோ நேர் எதிர். பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்து, ஓய்வு பெற்று, முழங்கால் வலிக்குத் தைலம் தேய்க்கத் தொடங்கிய பிறகுதான் "கேதார்நாத், பத்ரிநாத் ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாம்" என்று குழுப் பயணத்துக்குப் பணம் கட்டுகிறோம்.

அப்படிப் போவதில் தவறு இல்லை. ஆனால் இந்த யாத்திரை எந்த மாதிரி மனிதர்களுக்காக, எந்த வேகத்துக்காக, எந்த மாதங்களுக்காக உருவானது என்று தெரிந்துகொண்டால், ஒவ்வொரு மே மாதமும் செய்தியில் வரும் நெரிசலும் நிலச்சரிவும் மாரடைப்பும் ஏன் என்பது பாதி புரிந்துவிடும்.

உத்தராகண்டின் கட்வால் மலைப்பகுதியில் இருக்கும் நான்கு தலங்களைத்தான் இன்று சார் தாம் என்கிறார்கள். யமுனை பிறக்கும் யமுனோத்ரி, கங்கையைக் கும்பிடும் கங்கோத்ரி, சிவனுக்குக் கேதார்நாத், திருமாலுக்குப் பத்ரிநாத். மேற்கிலிருந்து கிழக்காக இந்த வரிசையில்தான் போவது மரபு. உண்மையில் இது சின்ன சார் தாம். ஆதிசங்கரரோடு சேர்த்துச் சொல்லப்படும் பெரிய சார் தாம் பத்ரி, பூரி, துவாரகை, ராமேஸ்வரம் ஆகிய நான்கு. இரண்டு பட்டியலிலும் இருப்பது பத்ரி மட்டும்தான். கங்கோத்ரியில் எடுத்த நீரை ராமேஸ்வரம் வரை கொண்டுவந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்வதைப் பெரும் புண்ணியமாக வடநாட்டார் இன்றும் கருதுகிறார்கள். ராமேஸ்வரத்தில் செம்புக் குடுவையோடு வரிசையில் நிற்கும் வடநாட்டுக் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

உயரங்களைக் கவனியுங்கள். மலைவழி தொடங்கும் ரிஷிகேஷ் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர்கூட இல்லை. கங்கோத்ரியும் பத்ரிநாத்தும் ஏறத்தாழ 3,100 மீட்டர், யமுனோத்ரி 3,300-ஐ ஒட்டி, கேதார்நாத் 3,583. ஊட்டியின் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான்.

அப்புறம் ஆறு. கங்கை எங்கே பிறக்கிறது என்று கேட்டால் கோமுகம் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். ஆனால் அங்கே பிறக்கும் ஆற்றின் பெயர் பாகீரதி. அது தேவபிரயாகைக்கு வந்து, பத்ரிநாத் பக்கமிருந்து வரும் அலக்நந்தாவோடு கலந்த பிறகுதான் கங்கை என்ற பெயர் கிடைக்கிறது. ஒருபக்கம் சீறி வருவதும் இன்னொருபக்கம் நிதானமாக வருவதும் படித்துறையில் நின்றாலே கண்ணுக்குத் தெரியும். பல நாட்களில் இரண்டின் நிறமும் வேறாக இருக்கும். நீரியல் கணக்குப்படி பார்த்தால் அலக்நந்தாவில்தான் நீர் கூடுதல். அதன் வழியில் தௌலிகங்கா, நந்தாகினி, பிண்டார், மந்தாகினி என்று ஒவ்வொரு பிரயாகையிலும் ஓர் ஆறு சேர்கிறது. கடைசியாகப் பாகீரதி சேரும் இடம் ஐந்தாவது பிரயாகை. நீரின் அளவைப் பார்த்திருந்தால் அலக்நந்தாவின் தலைப்பைத்தான் கங்கையின் பிறப்பிடம் என்று சொல்லியிருக்க வேண்டும். பகீரதன் தவத்தின் கதை பாகீரதிக்குத் தலைமையைக் கொடுத்துவிட்டது.

கோமுகம் கங்கோத்ரிக் கோயிலிலிருந்து 18 கி.மீ. மேலே இருக்கிறது. சுமார் 30 கி.மீ. நீளமுள்ள கங்கோத்ரிப் பனியாற்றின் வாய் அது. 1935 முதல் அளந்துவரும் கணக்குப்படி அந்த வாய் 1 கி.மீ.க்கும் மேல் பின்வாங்கியிருக்கிறது. பாட்டனார் பார்த்த கோமுகமும் பேரன் பார்க்கும் கோமுகமும் ஒரே இடம் அல்ல. மேலே போகிறவர்களின் எண்ணிக்கையை ஒரு நாளைக்கு 150 என்று அரசு கட்டுப்படுத்தியிருக்கிறது. இந்த யாத்திரை முழுவதிலும் இவ்வளவு கண்டிப்பான கட்டுப்பாடு இருப்பது அந்தப் பதினெட்டு கிலோமீட்டருக்கு மட்டும்தான். கோயிலுக்கு இவ்வளவு கண்டிப்பு இல்லை. கோயிலுமே ரொம்பப் பழையதல்ல. கங்கோத்ரியில் இப்போதுள்ள கோயிலின் தொடக்கம் 19-ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில் இந்தப் பகுதியை ஆண்ட கோர்க்காத் தளபதி அமர் சிங் தாப்பாவோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது.

தமிழ் பக்தி இந்த மலைகளுக்குப் போய் வெகுகாலமாகிறது. பத்ரியைப் பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடியிருக்கிறார்கள். தேவபிரயாகையின் ரகுநாதர் கோயில் பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர். ஜோஷிமட்டைத் திருப்பிரிதி என்று பலர் கொள்கிறார்கள். சைவர்களுக்குத் திருக்கேதாரம் பாடல் பெற்ற தலம், சம்பந்தரும் சுந்தரரும் பாடியது. கௌரிகுண்டை அநேகதங்காவதம் என்று அடையாளம் காட்டுவார்கள். இதில் எனக்குப் பிடித்த தகவல் ஒன்று உண்டு. சம்பந்தர் கேதாரத்துக்குப் போகவில்லை. காளத்தியில் நின்றபடியே வடநாட்டுத் தலங்களைப் பாடினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. தமிழ் வழங்கும் எல்லையைத் தாண்டாமல் அங்கிருந்தே பாடிவிட்டார். போக முடியாதவர்களுக்கு நம் மரபிலேயே ஓர் இடம் வைத்திருக்கிறார்கள் என்று இதை எடுத்துக்கொள்ளலாம். மருத்துவர் போகாதே என்று சொன்ன பிறகும் பிடிவாதம் பிடிக்கும் பெரியவர்களிடம் இதை எடுத்துச் சொல்லிப் பார்க்கலாம்.

தெற்கத்திக்காரர்களின் தொடர்பு பாட்டோடு நிற்கவில்லை. பத்ரிநாத்தின் தலைமை அர்ச்சகரான ராவல் இன்றும் கேரளத்து நம்பூதிரி. கேதார்நாத்தின் ராவல் கர்நாடகத்து வீரசைவ மரபிலிருந்து வருகிறார். மூலஸ்தானத்துக்குள் அவர் பூஜை செய்வதில்லை. அவருடைய கட்டளைப்படி அர்ச்சகர்கள் செய்கிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். இந்த யாத்திரையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதன் நாட்காட்டி. நான்கு கோயில்களும் ஆண்டில் ஏறக்குறைய ஆறு மாதம்தான் திறந்திருக்கும். யமுனோத்ரியும் கங்கோத்ரியும் அட்சய திருதியையன்று திறக்கும். கேதார்நாத் திறக்கும் நாளை மகா சிவராத்திரியன்று உகிமட்டில் குறிப்பார்கள். பத்ரிநாத்துக்கு நாள் குறிப்பது வசந்த பஞ்சமியன்று, நரேந்திரநகரில் இருக்கும் பழைய டெஹ்ரி அரசகுடும்பத்து அரண்மனையில். பத்ரிநாதரின் அபிஷேகத்துக்கான நல்லெண்ணெயையும் அதே அரண்மனையில் சுமங்கலிகள் கூடிப் பிழிந்து அனுப்புகிறார்கள். மூடும்போது தீபாவளியை அடுத்து கங்கோத்ரி, பிறகு கேதார்நாத்தும் யமுனோத்ரியும், கடைசியில் நவம்பர் நடுவில் பத்ரிநாத்.

மூடிய பிறகு தெய்வமும் கீழே இறங்கிவிடுகிறது. கேதாரநாதரின் உற்சவ மூர்த்தி உகிமட்டின் ஓங்காரேஸ்வரர் கோயிலில் குளிர்காலம் கழிக்கிறார். கங்கை முக்பா கிராமத்துக்கும் யமுனை கர்சாலிக்கும் போகிறார்கள். பத்ரியில் மூலவர் அங்கேயே இருப்பார். மானா கிராமத்துப் பெண்கள் நெய்து கொடுத்த கம்பளியில் நெய் தடவி அவருக்குப் போர்த்தி, விளக்கேற்றிக் கதவைச் சாத்துவார்கள். அந்த ஆறு மாதமும் நாரதர் பூஜை செய்கிறார், மனிதருக்கு அங்கே வேலை இல்லை என்பது நம்பிக்கை. பத்ரிநாதரோடு இருக்கும் உத்தவரும் குபேரரும் பாண்டுகேஸ்வருக்கு இறங்கிவிடுவார்கள்.

அந்த மலைக்காரர்களின் வாழ்க்கையும் இதேதான். மானா போன்ற உயர்ந்த ஊர்களின் மக்கள் பனி தொடங்கும்போது ஆடுமாடுகளோடு கீழே உள்ள குளிர்கால வீடுகளுக்கு வந்து, வெயில் வந்ததும் மேலே போவார்கள். இன்ன மாதங்களில் இங்கே மனிதன் இருக்கக்கூடாது என்று மலை போட்ட விதியைத்தான் கோயிலின் ஆகமமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

போகும் வேகத்துக்கும் இப்படி ஒரு விதி இருந்தது. கேதாரநாதரின் பல்லக்கு உகிமட்டிலிருந்து மேலே புறப்படும் ஊர்வலத்தைப் பாருங்கள். குப்தகாசியில் ஓரிரவு, பாட்டாவில் ஓரிரவு, கௌரிகுண்டில் ஓரிரவு, பிறகுதான் கேதார்நாத். எல்லாம் கால்நடையாகத்தான். இன்றைக்கு உயர மருத்துவம் என்ன சொல்கிறது? 2,500 – 3,000 மீட்டருக்கு மேல் போனால் இரவு தூங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே, வழியில் தங்கித் தங்கிப் போ என்கிறது. ஊர்வலத்தை அமைத்தவர்கள் ஆக்சிஜன் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். தூக்கிக்கொண்டு போகிறவனின் மூச்சைப் பார்த்துத்தான் அமைத்திருப்பார்கள். வழியில் தங்கித் தங்கிப் போவது என்பதில் முடிவு ஒன்றாகவே வந்திருக்கிறது. சுவாமிக்கே மூன்று இரவு தேவைப்படும் மலையில் நமக்கு ஓர் இரவுகூட வேண்டாம் என்று நினைப்பது துணிச்சல்தான்.

ரிஷிகேஷிலிருந்து நடந்துபோன காலத்தில் பத்ரிக்கும் கேதாருக்கும் போய்த் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். சில மைல்களுக்கு ஒரு சட்டி இருக்கும். சட்டி என்றால் கூரை போட்ட தங்கும் கொட்டகை. கடைக்காரரிடம் அரிசி பருப்பு வாங்கினால் பாத்திரமும் விறகும் கொடுப்பார், சமைத்துச் சாப்பிட்டு அங்கேயே படுத்துக்கொள்ளலாம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காலி கம்லிவாலா பாபா என்ற துறவி இந்த வழியெங்கும் தர்மசாலைகளும் அன்னதானமும் ஏற்படுத்தினார். ரிஷிகேஷில் அவர் பெயரிலான அறநிலையம் இன்றும் நடக்கிறது. நடக்க முடியாதவர்களை முதுகுக் கூடையில் தூக்கிப்போக ஆள் உண்டு. அந்தக் கூடைக்குக் கண்டி என்று பெயர். நாலுபேர் தூக்கினால் அது தண்டி.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. வழியெங்கும் காலரா வந்தது, ஆற்றில் தவறி விழுந்தவர்கள் உண்டு. 1918 முதல் 1926 வரை ருத்ரபிரயாகைச் சுற்றுவட்டாரத்தில் ஒரே ஒரு சிறுத்தை 125 பேரைக் கொன்றதாகக் கணக்கு. ஊர்க்காரர்கள் பொழுது சாய்ந்ததும் கதவைத் தாழிட்டுக்கொள்வார்கள். யாத்ரீகர்கள் கதவே இல்லாத சட்டிகளில் படுத்திருப்பார்கள். கடைசியில் ஜிம் கார்பெட் 1926 மே மாதத்தில் அதைச் சுட்டுக் கொன்றார். உயில் எழுதிவைத்து, சொந்தபந்தத்திடம் விடைபெற்றுக் கிளம்பிய காலம் அது. ஆனால் ஒரு மாதம் நடந்து மேலே போன உடம்பு அந்த உயரத்துக்குத் தானாகப் பழகியிருக்கும். போகவே முடியாதவர்கள் வழியிலேயே வடிகட்டப்பட்டுவிடுவார்கள். இரக்கமில்லாத வடிகட்டல்தான், மறுக்கவில்லை.

மாற்றம் 1962-இல் வந்தது. சீனப் போருக்குப் பிறகு எல்லை வரைக்கும் ராணுவ வண்டி போயாக வேண்டும். எல்லைச் சாலைகள் அமைப்பு மலையைக் குடைந்து போட்ட சாலைகள்தான் பேருந்தைப் பத்ரிநாத் வாசல் வரை கொண்டுவந்தன. பத்ரியின் பக்கத்து ஊரான மானாவுக்கு அப்பால் திபெத். அதாவது இங்கே யாத்திரைச் சாலையும் போர்ச் சாலையும் ஒன்றுதான். பின்னால் வந்த வழக்குகளில் இந்த உண்மைக்குப் பெரிய பங்கு உண்டு.

சாலை போட்ட மலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். நீலகிரியும் பொதிகையும் கோடி கோடி ஆண்டுகளாக ஆறி இறுகிய பாறைகள். இமயம் அப்படியல்ல. இந்திய நிலத்தட்டு ஆசியத் தட்டோடு மோதத் தொடங்கி சுமார் 5 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன, மோதல் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. கட்வாலின் குறுக்கே, புவியியலாளர்கள் மெயின் சென்ட்ரல் த்ரஸ்ட் என்று அழைக்கும் பெரும் பிளவு ஓடுகிறது. அந்தப் பட்டையை ஒட்டித்தான் வெந்நீர் ஊற்றுகள் வரிசையாக வருகின்றன. யமுனோத்ரியின் சூரிய குண்டத்தில் துணியில் அரிசியைக் கட்டிப் போட்டால் வெந்துவிடும், அதுதான் அங்கே பிரசாதம். கங்கோத்ரி வழியில் கங்னானி, பத்ரியில் தப்த குண்டம், கேதார் வழியில் கௌரிகுண்டு. யாத்ரீகன் குளித்துக் களைப்பாறும் அந்த வெந்நீர், கீழே பூமி உடைந்திருப்பதால் மேலே வருவது. 1991-இல் உத்தரகாசியிலும் 1999-இல் சமோலியிலும் வந்த நிலநடுக்கங்கள் இந்த வட்டாரத்தில்தான்.

இன்னொன்று, இங்கே சமதளம் என்பதே சந்தேகத்துக்குரியது. செங்குத்தான மலையில் ஊர் கட்டுகிற அளவுக்குத் தட்டையான இடம் கிடைத்தால், பெரும்பாலும் அது எப்போதோ சரிந்து வந்து குவிந்த மண்ணாகவோ ஆறு கொண்டுவந்து போட்ட கல்லாகவோ இருக்கும். ஜோஷிமட் ஒரு பழைய நிலச்சரிவின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 1976-இலேயே அரசு அமைத்த மிஸ்ரா குழு அங்கே பெரிய கட்டடம் கட்டாதே, பாறைகளை வெடிவைத்து எடுக்காதே, சரிவின் அடியைத் தோண்டாதே என்று எழுதிவைத்தது. 2023 ஜனவரியில் 800-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் விரிசல் விட்டன. பக்கத்தில் தோண்டும் நீர்மின் சுரங்கம்தான் காரணம் என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள், நிறுவனம் மறுத்தது. அந்த வாதம் எப்படி முடிந்தாலும் கீழே இருப்பது சரிந்த மண் என்பது மாறாது.

தராலி இன்னும் தெளிவான பாடம். கங்கோத்ரிக்குக் கொஞ்சம் முன்னால், ஹர்சில் பக்கத்தில் உள்ள ஊர். அங்கே கல்ப கேதார் என்ற பழைய சிவன் கோயில் உண்டு. பழைய வெள்ளம் ஒன்றில் புதைந்து, பிறகு தோண்டி எடுக்கப்பட்ட கோயில் அது. தரைமட்டத்துக்குக் கீழே இறங்கிப் போய்த்தான் கும்பிட வேண்டும். அதைச் சுற்றியே விடுதிகளும் கடைகளும் எழுந்தன. 2025 ஆகஸ்ட் 5 அன்று கீர் கங்கா ஓடையில் வந்த சேற்று வெள்ளம் கடைத்தெருவை மூடியபோது அந்தக் கோயிலும் மறுபடி மண்ணுக்குள் போனது. கோபுரம் பாதி புதைந்து நிற்பதை எத்தனை ஆயிரம் பேர் பார்த்திருப்பார்கள்! தொன்மையின் அதிசயம் என்றுதான் நமக்குத் தோன்றியது. இவ்வளவு உயரத்துக்கு இங்கே சேறு வந்திருக்கிறது என்று யாரும் படிக்கவில்லை.

எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டியது 2013. யாத்திரையின் உச்ச மாதங்கள் மே, ஜூன். பனி உருகி வழி திறந்த பிறகு, பருவமழை வருவதற்கு முன். இந்த இடைவெளியை நம்பித்தான் கூட்டம் போகிறது. பருவமழை நாடு முழுவதையும் எட்ட வழக்கமாக ஜூலை ஆகிவிடும். அந்த ஆண்டு ஜூன் 16-இலேயே எட்டிவிட்டது. மேலே பனி உருகி முடியவில்லை, கீழே பள்ளிவிடுமுறைக் கூட்டம் குறையவில்லை. அப்போது கொட்டியது மழை.

கேதார்நாத் கோயில் மந்தாகினிக்கும் இன்னொரு சிற்றோடைக்கும் நடுவே, பனியாறு விட்டுப்போன கற்குவியல் மேல் நிற்கிறது. அதற்கு மேலே சோராபாரிப் பனியாற்றின் ஓரத்தில் ஓர் ஏரி. 1948-இல் காந்தியின் அஸ்தியைக் கரைத்ததால் காந்தி சரோவர் என்றும் பெயர். ஏரிக்குக் கரை என்று தனியாக எதுவும் இல்லை. பனியாறு தள்ளிக் கொண்டுவந்து குவித்த தளர்ந்த கல்லும் மண்ணும்தான். 16-ஆம் தேதி மாலை முதல் வெள்ளம் வந்தது. 17 காலையில் அந்தக் கரை உடைந்து ஏரி முழுவதும் சில நிமிடங்களில் இறங்கியது. கோயிலுக்குப் பின்னால் பெரிய பாறை ஒன்று உருண்டு வந்து நின்று நீரை இரண்டாகப் பிரித்தது. பீம சிலா, அதாவது பீமப் பாறை என்று பெயர் வைத்து இன்று அதையும் கும்பிடுகிறார்கள். கோயில் தப்பியது, சுற்றியிருந்த ஊர் போனது. பாதி வழியில் தங்குமிடமாக இருந்த ராம்பாரா என்ற இடமே வரைபடத்திலிருந்து அழிந்தது. கௌரிகுண்டின் வெந்நீர் ஊற்று மண்ணில் மூழ்கியது. மாநிலம் முழுவதும் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 5,000 பேருக்கு மேல். நடைபாதையை ஆற்றின் மறுகரைக்கு மாற்ற வேண்டியதாயிற்று, 14 கி.மீ. தூரம் 16 ஆனது.

கோயில் மட்டும் தப்பியதைத் தெய்வச் செயல் என்றார்கள். நம்பிக்கையோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை. ஆனால் பழைய காலத்தில் அந்த மேட்டில் கோயிலையும் சில குடில்களையும் தவிர வேறெதுவும் இல்லை. வெள்ளம் அடித்துக்கொண்டு போனதில் பெரும்பகுதி பின்னால் ஆற்றின் பாதையிலேயே முளைத்த விடுதிகள்.

இதற்குப் பிறகு எண்ணிக்கை குறைந்திருக்க வேண்டும். சில ஆண்டுகள் குறைந்தது. பிறகு ஏறிய ஏற்றம் வேறு மாதிரி. 2023-இல் நான்கு தலங்களுக்கும் வந்தவர்கள் 50 லட்சத்தைத் தாண்டினார்கள். 2021-இல் கொரோனா காரணமாக நீதிமன்றம் கேதார்நாத்துக்கு ஒரு நாளைக்கு 800 பேர் என்று கட்டுப்படுத்தி, பின்னர் அதை நீக்கியது. அடுத்த ஆண்டு அரசே வைத்த வரம்பு பத்ரிக்கு 15,000, கேதாருக்கு 12,000, கங்கோத்ரிக்கு 7,000, யமுனோத்ரிக்கு 4,000. அதையும் சீசன் நடுவே ஏற்றினார்கள். வரம்பைக் குறை என்றால் விடுதிக்காரர், குதிரைக்காரர், டாக்சிக்காரர் எல்லோரும் தெருவில் இறங்குவார்கள். இறங்கத்தானே செய்வார்கள்? ஆறு மாதச் சம்பாத்தியத்தில்தான் பன்னிரண்டு மாதம் சாப்பிட வேண்டும். வயலும் சரிவு, வேலையும் இல்லை, இளைஞர்கள் டேராடூனுக்கும் டெல்லிக்கும் போய்க் காலியான கிராமங்களே ஏராளம். நமக்கு யாத்திரை, அவர்களுக்கு அதுதான் அறுவடை.

சாலை விரிவாக்கத் திட்டம் 2016 இறுதியில் அறிவிக்கப்பட்டது. சுமார் 889 கி.மீ., எந்தப் பருவத்திலும் போகலாம் என்பது வாக்குறுதி. 100 கி.மீ.க்கு மேற்பட்ட நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்குச் சுற்றுச்சூழல் மதிப்பீடு வேண்டும் என்பதால் இதை 53 துண்டுகளாக்கினார்கள். ஒவ்வொன்றும் 100 கி.மீ.க்குள்! சாமர்த்தியம்தான். மலைக்கு அந்த எண்கள் தெரியாது, வெட்டிய சரிவு முழுநீளத்துக்கும் சேர்ந்துதான் சரியும். உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவில் தலைவர் ரவி சோப்ராவும் சிலரும் சாலையின் அகலத்தைச் சுருக்கச் சொன்னார்கள், பெரும்பான்மையினர் அகலமாகவே கேட்டார்கள். 2020-இல் நீதிமன்றம் 5.5 மீட்டர் போதும் என்றது. 2021 டிசம்பரில் ராணுவத் தேவையைக் காட்டி அரசு கேட்டபோது அகலமான இருவழிச் சாலைக்கு அனுமதி தந்தது. எல்லையில் சீனா இருக்கும்போது அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாதுதான். ஆனால் சரிந்து மூடிய அகலச் சாலையில் டாங்கியும் போகாது, டூரிஸ்ட் பஸ்ஸும் போகாது. யமுனோத்ரி வழியைச் சுருக்கத் தோண்டிய சில்க்யாரா சுரங்கம் 2023 நவம்பர் 12 அன்று இடிந்து, 41 தொழிலாளர்கள் 17 நாள் உள்ளே இருந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. பெரிய இயந்திரங்கள் தோற்ற இடத்தில் எலிவளை போலக் குறுகிய சுரங்கம் தோண்டிப் பழகிய தொழிலாளர்கள் கையால் தோண்டிக் காப்பாற்றினார்கள்.

கடைசியாக உடம்பு. கேதார்நாத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். குப்தகாசி, பாட்டா, சிர்சி ஆகிய தளங்களிலிருந்து ஹெலிகாப்டரில் ஏறினால் எட்டு நிமிடம், பத்து நிமிடத்தில் மேலே இறக்கிவிடுவார்கள். சென்னையிலிருந்து முந்தாநாள் கிளம்பியவர் இன்று 3,583 மீட்டரில், குளிரில், சாப்பிடாமல் வரிசையில் நிற்பார். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருந்தால் சொல்லவே வேண்டாம். சில ஆண்டுகளில் ஒரே சீசனில் 200-க்கும் மேற்பட்ட யாத்ரீகர்கள் இறந்திருக்கிறார்கள், பெரும்பாலும் மாரடைப்பும் உயரத்தின் கோளாறுகளும். தலைவலி, வாந்தி, நடை தள்ளாட்டம், படுத்திருக்கும்போதே மூச்சிரைப்பு இவற்றில் எது வந்தாலும் தரிசனத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கீழே இறங்குவதுதான் வைத்தியம். கற்பூரத்தைத் துணியில் கட்டி மோந்தால் ஆக்சிஜன் கிடைக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். வாசனை வரும், ஆக்சிஜன் வராது.

ஹெலிகாப்டருக்கே இந்தப் பள்ளத்தாக்கு எளிதல்ல. நொடியில் மேகம் இறங்கி வழியை மூடும். 2025 சீசன் தொடங்கிச் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து விபத்துகள் நடந்து, சேவையைக் கொஞ்ச நாள் நிறுத்தியும் வைத்தார்கள்.

அடுத்து ரோப்வே. சோன்பிரயாகையிலிருந்து கேதார்நாத்துக்கு 12.9 கி.மீ. ரோப்வேக்கு 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. செலவு 4,081 கோடி ரூபாய். எட்டு, ஒன்பது மணி நேரப் பயணம் 36 நிமிடமாகும், நாளொன்றுக்கு 18,000 பேரைத் தூக்கிச் செல்ல முடியும் என்கிறார்கள். குதிரைகளும் கோவேறு கழுதைகளும் அந்தச் செங்குத்துப் பாதையில் சுமை தாங்காமல் செத்து விழும் கொடுமை இதனால் குறையலாம். நடக்க முடியாத கிழவிக்கும் கேதாரம் கிடைக்கும். அது நல்லதுதான். ஆனால் சோன்பிரயாகை சுமார் 1,800 மீட்டரில் இருக்கிறது. 36 நிமிடத்தில் இன்னொரு 1,700 மீட்டர் ஏறி இறங்கும் உடம்பைக் கவனிக்க மேலே எத்தனை மருத்துவர்கள் இருப்பார்கள், மழை இறங்கிக் கம்பி நின்றுபோனால் அந்த 18,000 பேரும் இரண்டு ஓடைகளுக்கு நடுவே உள்ள கற்குவியலில் எங்கே ஒதுங்குவார்கள் என்பதற்கு விவரமான திட்டம் டிக்கெட் விற்பனை தொடங்கும் முன் வெளியே வர வேண்டும்.